மாக்கல் சட்டி: பருப்புக்கு வரம், சொதிக்குச் சனி

நுவரெலியாவில் இருக்கும் கூட்டாளி ஒருவர், மாக்கல் சட்டி, அதாவது மென்கல்லில் குடைந்த சமையல் சட்டி, வாங்கலாமா என்று கேட்டார். சேலத்துச் சட்டிதான். பழக்கும் முறை பலருக்கும் தெரியும்: அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி, ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் கஞ்சித் தண்ணீரைச் சிறு தீயில் சூடாக்குவது. அதில் அவசரப்படாதீர்கள், அவ்வளவுதான்.

என் எரிச்சல் தேங்காய்ப்பால் சொதியில்தான். அடுப்பை நிறுத்திய பிறகும் சட்டி நிற்காது. விளிம்பில் நுரை எழும்பிக்கொண்டே இருக்கும், முதற்பால் திரிந்து எண்ணெய் பிரியும். இதில் கல்லைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிராமுக்கு அலுமினியம் பிடிக்கும் சூட்டைத்தான் மாக்கல்லும் ஏறக்குறைய பிடிக்கிறது. ஆனால் சட்டியின் சுவர் தடிப்பு, பாரம் பல மடங்கு. சூட்டைக் கடத்துவதோ மிக மெதுவாக. உள்ளே ஏறியது லேசில் இறங்காது. ஆகவே இரண்டாம் பாலில் காய் வெந்ததும் தீயை நிறுத்தி, கொதி முழுதாக அடங்கும்வரை காத்திருந்து, பிறகு முதற்பாலை விட வேண்டும். தேசிக்காய்ப் புளி, சொதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பின்தான். இத்தனை பவ்வியம் ஒரு சொதிக்கு!

அதே பிடிவாதம் பருப்புக்கு வரம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு மசிய நேரமெடுக்கும். இங்கே முக்கால் பதத்தில் கேஸை நிறுத்தி மூடி வைத்தால் மீதியைச் சட்டியே பார்த்துக்கொள்ளும். மெல்லிய அலுமினியச் சட்டியில் இது நடக்காது.

வாங்கும்போது கல்லின் வகையைப் பாருங்கள். டால்க் என்ற மென்கனிமம் மிகுந்தது மெழுகுபோல் வழுக்கும், நகத்தாலேயே கீறலாம். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் டால்க் 1, நகம் ஏறத்தாழ 2.5. செதுக்க அருமை, கரண்டி படும் சட்டிக்கு மென்மை கூட. குளோரைட் என்ற கனிமம் கலந்தால் பச்சை ஓடும். மக்னசைட் என்ற கனிமம் கலந்ததும் உண்டு. இவை கொஞ்சம் உறுதி. புதுச் சட்டி வெளிர் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். எண்ணெய் ஏற்றிக் கறுப்பாக விற்பதில் மயிரளவு வெடிப்பு தெரியாது. விரலால் தட்டுங்கள், மங்கிய சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள்.

மலைநாட்டில் சட்டி உடைவது பெரும்பாலும் காலையில். இரவுக் குளிரில் கிடந்த வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் அடி முதலில் விரியும், சுவர் குளிராகவே நிற்கும், இடையில் வெடிப்பு ஓடும். தண்ணீர் ஊற்றி, மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். சூட்டுச் சட்டியில் பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. கழுவத் தேங்காய்த் தும்பு போதும். விளிம்பு சிதறினால் வீட்டில் அரம் போடாதீர்கள். சில மாக்கற்களில் டிரெமோலைட் என்ற நார்போன்ற கனிமம் கலந்திருக்கும், அந்தத் தூசி சுவாசப்பைக்கு ஆகாது. இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது.

சொதி தினமும் வைக்கிற வீடானால் வேண்டாம் என்பேன். என் சட்டியை விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கேட்டவருக்குச் சொன்னது இதுதான்: ஒரு லீற்றர் அளவில், அடி தட்டையானதாகப் பார்த்து எடுங்கள், சொதிக்குப் பழைய அலுமினியச் சட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.