உதகையில் பழைய வீட்டுக்கு வெப்பக்காப்பு: நான்கு குளிர்காலங்களின் அனுபவம்

உதகையில் நாங்கள் வசிப்பது கருங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பழைய வீடு. மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் விடியற்காலைகளில் படுக்கையறைக்குள் 9 டிகிரிதான் இருக்கும். 2,000 வாட் ஹீட்டரை இரவில் நான்கு மணி நேரம் ஓடவிட்டால் 8 யூனிட் செலவாகும்; அணைத்த அரை மணி நேரத்தில் குளிர் திரும்பிவிடும். ஆகவே, உண்டாகும் சூட்டை முதலில் வீட்டுக்குள் தக்கவைக்க முயன்றோம்.

தெளிந்த இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால் பலகைக் கூரைக்கும் தகரத்துக்கும் இடையே 75 மில்லிமீட்டர் ராக் வுல் (பாறையை உருக்கி இழைகளாக்கிய பஞ்சு) பரப்பினோம். முதல் குளிர்காலம் நிம்மதியாகக் கழிந்தது. இரண்டாம் தை மாதத்தில் பலகைகளில் ஈரக்கறை தென்பட்டது. பிரித்துப் பார்த்தபோது, வேலை செய்தவர்கள் நீராவியைத் தடுக்கும் பாலிதீன் தாளை ராக் வுல்லுக்கு மேலே, தகரத்தை ஒட்டி விரித்திருந்தது தெரிந்தது. சமையலிலிருந்தும் நம் மூச்சிலிருந்தும் எழும் நீராவி பலகை இடுக்குகள் வழியே மேலேறி, அந்தக் குளிர்ந்த தாளில் நீராகி, மீண்டும் ராக் வுல்லிலேயே சொட்டியிருக்கிறது. இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் போட்ட பணம் வீண். குளிர்ப் பகுதியில் அத்தாள் அறைப் பக்கமாக, ராக் வுல்லுக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வாறே மாற்றி, தகரத்தின் அடியில் இரு விரல் இடைவெளியும் இறவாணத்தில் காற்றுத் துளைகளும் விட்ட பின், இரண்டு குளிர்காலங்களாக ஈரம் இல்லை. மலையில் கூரை வேலை செய்விப்பவர்கள் இந்த ஒன்றை நேரில் நின்று கவனிக்க வேண்டுகிறேன்.

செலவுக்கு மிகுந்த பலன் தந்தது கதவு, சன்னல் இடுக்குகளை அடைத்ததுதான். காற்று வீசும் இரவில் ஊதுபத்தியை ஓரமாக நகர்த்திச் சென்றால், புகை வளையும் இடமெல்லாம் குளிர் நுழையும் இடம். அங்கெல்லாம் ரப்பர் பீடிங் (இடுக்கை அடைக்கும் பட்டை) ஒட்டினோம். உள்ளும் வெளியும் 10 டிகிரி வேறுபட்டால் ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 வாட் வெப்பத்தை இழக்கும். 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரட்டைக் கண்ணாடியில் இழப்பு சுமார் பாதியாகும். ஆயினும் அதன் விலையைப் பார்க்கும்போது, கூரையையும் இடுக்குகளையும் முடித்த பிறகே அதை நினைக்கலாம் என்பது என் கருத்து. நாங்கள் படுக்கையறையில் மட்டும் பொருத்தினோம்.

மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்பதால், தெற்கு வராந்தாவைக் கண்ணாடியால் மூடினோம். அங்கு வெயில் காயும் கருங்கல் சுவர் இரவு எட்டு மணி வரை வெதுவெதுப்பாக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் மூடுபனி நாட்களில் இதனால் பயனில்லை.

இப்போது ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் போதும். விடியலில் அறையில் 13 டிகிரி இருக்கிறது. ஆனால் இடுக்குகள் அடைபட்ட வீட்டில் கரிச்சட்டி வைப்பது உயிருக்கு ஆபத்து; கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. எங்கள் சட்டியை அன்றே வெளியேற்றினோம். நாள்தோறும் நண்பகலில் அரை மணி நேரம் சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். வடக்கு மூலை அலமாரியின் பின்புறம் மட்டும் இன்னும் பூஞ்சணம் பிடிக்கிறது. அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, இந்த மழைக்காலத்தில் கவனித்து வருகிறோம்.