கரண்ட் வந்ததும் கொட்டில் கேமரா தானாக ஓட வேண்டும்: ராஸ்பெரி பையோடு ஐந்து வருடம்

ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். கொட்டிலில் மூன்று பசு. சினைமாடு கன்று போடும் நாள் நெருங்கினால் ராத்திரி நாலு தடவை டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார் அப்பா. முழங்கால் வலி வந்த பிறகு அது முடியவில்லை. அதற்காகத்தான் 2020-இல் ராஸ்பெரி பை 3பி+ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்றை வாங்கி, அகச்சிவப்பு விளக்கு இருந்தால் இருட்டிலும் பார்க்கும் நோஐஆர் கேமராவோடு கொட்டில் விட்டத்தில் கட்டினேன். பகலில் பச்சைப் புல் ஊதா கலந்து தெரியும். மாடு எழுந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தபோது போகும், வரும். நான் இருப்பதோ 300 கிலோமீட்டர் தள்ளி. அப்பாவை ஏணி ஏறச் சொல்ல முடியாது. ஆகவே யாரும் கை வைக்காமல் படம் தானாக வந்தாக வேண்டும்.

பை கேமராவை இயக்கும் ராஸ்பிவிட் நிரல் எடுக்கும் படத்தை, வீடியோவை அனுப்பும் எஃப்எஃப்எம்பெக் நிரல் வழியாக ஒரு வாடகை சர்வருக்குத் தள்ளும் ஸ்கிரிப்டை எழுதி, குறித்த வேளையில் நிரல்களை ஓட்டும் க்ரான்டேபில், போர்டு எழும்போதெல்லாம் அதை ஓட்டும்படி ஒரு வரி போட்டேன். வீட்டு மேசையில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வேலை செய்தது. ஊரில் முதல் மின்வெட்டிலேயே நின்றுபோனது. மேசையில் சோதித்தபோது ரவுட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. ஊரில் இரண்டுக்கும் ஒரே நொடியில் கரண்ட் வருகிறது. போர்டு அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரவுட்டர் நெட்டைப் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் எஃப்எஃப்எம்பெக் சர்வரைத் தேடி, காணாமல், வெளியேறியிருக்கும். க்ரான் ஒரு முறைதான் கூப்பிடும். ஸ்கிரிப்டில் 60 விநாடி தூங்கச் சொல்லிப் பார்த்தேன். சில நாள் போதும், சில நாள் போதாது.

பிறகு, நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியில் அதை ஒரு சர்வீஸாக மாற்றி, எப்போது நின்றாலும் திரும்ப எழுப்ப 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று எழுதினேன். அப்படியும் நின்றது. இங்கே நிறையப் பேர் தடுமாறுவார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். நாம் வேறு எதுவும் எழுதாவிட்டால், விழுந்த சர்வீஸை சிஸ்டம்டி 100 மில்லிவிநாடியில் திரும்ப எழுப்பும். 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பியும் விழுந்தால் கைவிட்டுவிடும். நெட் இல்லாதபோது எஃப்எஃப்எம்பெக் உடனுக்குடன் விழுவதால், ரவுட்டர் கண் திறக்கும் முன்பே ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடுகிறது. 'ரீஸ்டார்ட்செக்=10' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. பத்து விநாடிக்கு ஒரு முறை எழுந்தால் அந்த வரம்பைத் தொடவே தொடாது. நெட் இணைந்துவிட்டதைக் குறிக்கும் நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்டுக்குப் பிறகு தொடங்கச் சொல்லும் வரியையும் வைத்திருக்கிறேன். ஆனால் அது குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது.

2024-இல் மெமரி கார்டைப் புதிதாக எழுதி, ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்புக்கு மாறினேன். அதில் ராஸ்பிவிட் கிடையாது, அதற்குப் பதில் ஆர்பிகேம்-விட் தான். அதோடு பழைய ஸ்கிரிப்டையே விட்டுவிட்டு மீடியாஎம்டிஎக்ஸ் என்ற வீடியோ சர்வர் நிரலைப் போட்டேன். ஒரே ஒரு நிரல் கோப்பு, ஒரு அமைப்புக் கோப்பு. பை கேமராவை அதுவே நேரடியாகத் திறந்து, 8554 போர்ட்டில் ஆர்டிஎஸ்பி என்ற நேரலை வீடியோவாகக் கொடுக்கிறது. என் கருவிகளை மட்டும் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற தனி வலையமைப்பு வழியாக வெளியிலிருந்து பார்க்கிறேன். யாரும் பார்க்காதபோது டேட்டா செலவாவதில்லை. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

கரண்ட் திடீரென்று போய்ப் போய் இரண்டு மெமரி கார்டு கெட்டன. அதற்குப் பிறகு போர்டின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிகில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி, கார்டில் எதுவும் எழுதாதபடி செய்தேன். வீடியோ பதிவுகள் பென்டிரைவுக்குப் போகும். கார்டு பிழைத்தது, ஆனால் நான் எதிர்பாராத வேறொரு சிக்கல் வந்தது. இந்தப் போர்டில் பேட்டரி கடிகாரம் இல்லை. அணைக்கும்போது நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்து, எழும்போது அங்கிருந்து தொடங்கும். ஓவர்லே இருந்தால் அந்தக் கோப்பும் பழையதாகவே நிற்கிறது. ஆக ஒவ்வொரு முறை எழும்போதும் கடிகாரம் ஓவர்லே போட்ட நாளுக்கே திரும்பிவிடும். நெட் வந்து நேரம் சரியாகும்வரை எடுத்த பதிவுகள் மூன்று மாதம் முந்தைய தேதியில் சேரும். ஏழு நாளுக்கு மேற்பட்டதை அழிக்கச் சொல்லியிருந்தேன். நெட் வந்ததும் அந்தப் பதிவுகள் அழிந்தன. ஒரு கன்று பிறந்த காட்சி அப்படித்தான் போனது. இன்றும் அது எனக்கு வருத்தம். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி இணைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சர்வீஸ் ஓடுவதாகக் காட்டும், படம் மட்டும் உறைந்து நிற்கும். அப்படியும் சில முறை நடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ஃப்ரேம் கேட்டு, வராவிட்டால் சர்வீஸைத் திரும்பத் தொடங்கும் சிறு ஸ்கிரிப்டை டைமரில் வைத்தேன். போர்டே உறைந்தால் அதற்கு வன்பொருள் வாட்ச்டாக் இருக்கிறது. 15 விநாடிக்குள் பதில் இல்லை என்றால் ரீபூட் செய்துவிடும். மலிவான செல்போன் சார்ஜரைத் தவிர்த்து 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டு தடுமாறும்.

இப்போது கரண்ட் வந்து மூன்று நிமிடத்துக்குள் என் போனில் கொட்டில் தெரிகிறது. இன்னும் தீராதது சிலந்திதான். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்காகச் சிலந்தி வருகிறது, லென்ஸ் முன்னால் கட்டும் வலை ராத்திரியில் வெள்ளையாக மின்னி மாட்டையே மறைத்துவிடும். வாரம் ஒரு முறை கம்பு நுனியில் துணி சுற்றித் துடைத்துவிட்டு, "இப்ப தெரியுதாப்பா?" என்று அப்பா போன் செய்வார்.