அடுக்களையா, திண்ணையா? இருந்த இடத்தைக் கண்டறியும் கருவிகள்: ஓர் ஒப்பீடு

ஒருவர் ஒரு நாளில் சுவாசிக்கும் மாசின் சராசரியைக் கணக்கிடுவது எளிது. ஒவ்வோர் இடத்திலும் இருந்த நேரத்தை அங்குள்ள பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள் மாசு) அளவால் பெருக்கிக் கூட்டி, 24-ஆல் வகுத்தால் போதும். விறகடுப்பு உள்ள அடுக்களையில் கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம், மற்ற இடங்களில் 40 என்று வைத்துக்கொள்வோம். அடுக்களையில் 3 மணி நேரம் இருந்தவருக்கு விடை 72.5. அந்த நேரத்தை ஒன்றரை மணி என்று பதிந்துவிட்டால் 56.25. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60. நேரம் பிசகியதாலேயே அவர் வரம்புக்குள் வந்துவிடுகிறார். திண்ணை நேரத்தைக் கொல்லைக் கணக்கில் எழுதினாலோ ஒன்றும் கெடாது. ஆக, மாசு அளவு எங்கே சட்டென்று மாறுகிறதோ அந்த எல்லையைப் பிரித்துக் காட்டும் கருவிதான் வேண்டும்.

மலிவானது நேர நாட்குறிப்பு: எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்று ஆளையே கேட்டு எழுதுவது. அமெரிக்காவில் 1992–94இல் 9,386 பேரிடம் முந்தைய நாளைப் பற்றித் தொலைபேசியில் கேட்டு, கட்டடங்களுக்குள் 87 விழுக்காடு, வாகனங்களில் 6 விழுக்காடு நேரம் கழிகிறது என்று கண்டது இந்த முறையில்தான். ஊர்ச் சராசரிக்கு இது போதும். தனி ஆளுக்கு இடறும்: பலரும் அரைமணிக் கணக்கில்தான் பதில் சொல்வார்கள், உலை வைத்துவிட்டு வெளியே போய்வந்த நேரம் பதிவாகாது. "எவ்வளவு நேரம் சமைத்தீங்க?" என்று கேட்பதைவிட, "அடுப்பு பற்ற வைக்கும்போது பள்ளிக்கூட வேன் வந்துடுச்சா?" என்று நிகழ்ச்சியோடு கோத்துக் கேட்டால் பிசகு குறையும்.

செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டு இருப்பிடத்தைப் பதியும் ஜிபிஎஸ் லாகரின் களம் சாலை. 10–15 விநாடிக்கு ஒரு புள்ளி பதிந்தால், நடையா பேருந்தா என்று வேகமே சொல்லிவிடும். வீட்டுக்குள் அது கிட்டத்தட்டக் குருடு. தகரமும் கான்கிரீட்டும் சிக்னலை மறிக்கும். கிடைத்தாலும் பிழை பல மீட்டர், அடுக்களையின் அகலமோ இரண்டு மூன்று மீட்டர். கைபேசிச் செயலிக்கும் இதே குறைதான், கூடவே இன்னும் இரண்டு: பேட்டரி சேமிப்பு அதைப் பாதியில் நிறுத்திவிடும், போன் அலமாரியில் சார்ஜ் ஏற, ஆள் அடுப்பு முன்னால் இருப்பார்.

விறகடுப்பு வீடுகளுக்கு, விடாமல் சிக்னல் அனுப்பும் சிறு கருவியான புளூடூத் பீக்கன்தான் சரி. தமிழ்நாடும் இடம்பெற்ற ஹாப்பின் எரிவாயு அடுப்பு ஆய்வில் கைக்குழந்தைகளுக்கு இந்த வழியே கையாளப்பட்டது. மாசுமானியைச் சுமக்கும் வயதா அது? பீக்கன் ஆளோடு போகும். ஒவ்வோர் அறையிலும் ஒரு பெறுவியும் மாசுமானியும் இருக்கும். எந்தப் பெறுவியில் சிக்னல் வலுவோ, அந்த அறையின் மாசளவு அந்த நிமிடத்துக்குச் சேரும்.

பிசகுவது இங்கேயும் உண்டு. உடம்பிலுள்ள நீர் சிக்னலை விழுங்கும். ஆள் திரும்பி நின்றாலே அளவு விழும். அதனால் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு பீக்கன் மாட்டி, 5 நிமிடச் சராசரியை எடுங்கள். கீற்றுத் தட்டியை சிக்னல் தாராளமாகக் கடக்கும். இரண்டு பெறுவிகளையும் அந்தத் தட்டிக்கு அருகில் வைத்தால் எந்த அறை என்றே தெரியாது. எதிரெதிர் மூலைக்குத் தள்ளுங்கள். அடுக்களையின் பெறுவியும் மாசுமானியும் அடுப்பிலிருந்து 1 மீட்டர், தரையிலிருந்து 1.5 மீட்டர், கதவு சன்னலிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தொடங்குமுன் பீக்கனோடு ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம் நின்று, பெறுவி சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள்.

பீக்கன் வீட்டோடு சரி. வயல், சந்தை, பேருந்து எல்லாம் அதற்கு "இல்லை" மட்டுமே. அந்த இடைவெளிகளை மட்டும் மாலையில் கேட்டு நிரப்பினால் நாட்குறிப்பு பத்துக் கேள்விக்குள் முடியும். வேலைக்குத் தினமும் நகரம் போகிறவரானால் ஜிபிஎஸ்ஸும் சேரட்டும். அப்போது கடிகாரத்தைக் கவனியுங்கள்: ஜிபிஎஸ் பதிவது உலகப் பொது நேரம், நம்முடையது ஐந்தரை மணி முந்தியது. திருத்தாமல் சேர்த்தால் காலை 6 மணிக்குப் பேருந்து ஏறியவர் நள்ளிரவு 12.30க்கே கிளம்பியதாகக் கோப்பில் இருக்கும்.