தலைகீழாக நின்றாலும் அவிழாத கொண்டை: ஸ்பைரல் பின் வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்குப் போகிற பெண் பிள்ளை இருந்து, அவளுக்கு முடியும் நீளமாக இருந்தால் ஸ்பைரல் பின் ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். யு பின்னின் இரண்டு காலையும் சுருளாக முறுக்கிவிட்டது போல இருக்கும், குத்தாமல் ஸ்க்ரூ மாதிரி திருகித் திருகி கொண்டைக்குள் இறக்க வேண்டும். குடி (Goody) என்கிற அமெரிக்க பிராண்டு இதை ஸ்பின் பின் என்று பிரபலமாக்கியது, இரண்டு பின் இருபது ஸ்லைடின் வேலையைச் செய்யும் என்பதுதான் அவர்கள் விளம்பரம். இப்போது அதே வடிவத்தில் பெயரில்லாத பின்கள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கின்றன. நான் என் மகளுக்குப் பயன்படுத்துவதும் அப்படி ஒன்றுதான்.

அந்த விளம்பரம் உண்மையா என்றால், தினசரி பயிற்சிக்கு உண்மை. போட்டிக்குப் பாதி உண்மை. இடுப்பு வரை அடர்த்தியாக முடி வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ஸ்பைரல் பின் மட்டும் போதாது, வலையும் யு பின்னும் கூடவே வேண்டும். ஆனால் ஸ்பைரல் பின் உள்ளே இருந்தால் மற்ற பின்களின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடுகிறது, பிள்ளைக்குத் தலை கனமும் வலியும் குறைகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இது ஏன் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். நேரான பின் முடியை உரசிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தலை நிமிர்ந்தே இருக்கும் வரை அது போதும். பரதநாட்டியத்துக்குக் கொண்டை போட்டுப் பழகிய அம்மாக்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் அதே மாதிரி போட்டுவிட்டு, இங்கே மட்டும் ஏன் நழுவுகிறது என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். நாட்டியத்தில் கொண்டையின் எடை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. இங்கே ஒரு கார்ட்வீல் (கை ஊன்றிப் பக்கவாட்டில் சுழல்வது), ஒரு பேக் வாக்ஓவர் (பின்னால் வளைந்து கை ஊன்றிப் புரண்டு எழுவது), ஒரு ரோல் (குட்டிக்கரணம்) என்று சில வினாடிகளுக்குள் எடை எல்லாப் பக்கமும் மாறி மாறி இழுக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் நேரான பின் வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஸ்பைரல் பின் வெளியே வர வேண்டுமென்றால் அது சுழல வேண்டும், யாரும் திருகாமல் அது அவ்வளவு சுலபமாகச் சுழலாது. முடி அந்தச் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இருக்கும்.

கழன்று விழுந்த பின் அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஃப்ளோரில் ஓடுகிறார்கள், விரிப்பில் கிடக்கிற ஒரு யு பின் அடுத்து வரும் பிள்ளையின் காலில் ஏறும். பீம், அதாவது ஏறி நின்று செய்கிற ஒடுக்கமான கட்டை என்றால் இன்னும் கவலை. அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். அதன் மேல் நிற்கிற பிள்ளையின் கண்ணில் ஒரு கற்றை முடி விழுந்தால் கை தானாக முகத்துக்குப் போகும், உடம்பு ஆடும். சர்வதேச விதிப்புத்தகத்தின்படி சின்ன தள்ளாட்டத்துக்கே 0.10 கழிப்பார்கள், கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிள்ளை ஒரு பின் காரணமாகப் புள்ளியை இழக்கக் கூடாது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்தப் பின் வாங்கினாலும் முதலில் கொண்டை சரியான இடத்தில் இருக்க வேண்டும். ரோல் அடிக்கும்போது தரையில் படுவது பின்னந்தலை. அங்கே கொண்டை இருந்தால் பின் மண்டையில் அழுத்தும், பிள்ளை வலிக்குப் பயந்து கழுத்தைத் திருப்பி ரோலைக் கோணலாக அடிப்பாள். சரி, பிடரியில் தாழ்வாகப் போடலாம் என்றால் பிரிட்ஜ் (உடம்பைப் பின்னால் வில்லாக வளைப்பது) போடும்போதும் தலையைப் பின்னால் சாய்க்கும் எல்லா அசைவிலும் கொண்டை கழுத்தில் இடிக்கும். தாடையிலிருந்து காது வழியாக மேலே ஒரு கோடு இழுத்தால் அது உச்சியில் சேர்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் சரியான இடம். அங்கே இருந்தால் ரோலுக்கும் இடைஞ்சல் இல்லை, ஹெட்ஸ்டாண்டுக்கும் இடைஞ்சல் இல்லை. உருண்டையாக எழும்பி நிற்காமல் தட்டையாகப் பரவியிருக்க வேண்டும் என்பது வளையம், ரிப்பன் வைத்து ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம். வளையத்தைத் தலை வழியாக நுழைக்கும்போது இடிக்கக் கூடாது, ஜூனியருக்கு 5 மீட்டர், சீனியருக்கு 6 மீட்டர் நீளமுள்ள ரிப்பன் துருத்திக்கொண்டிருக்கும் பின்னில் மாட்டினால் அந்த அசைவே கெட்டுவிடும். கொண்டைக்குள் வைக்கும் டோனட் என்கிற ஸ்பாஞ்ச் வளையம் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அதை வைத்தால் கொண்டை பார்க்க வட்டமாக அழகாக வரும், ஆனால் மேலே எழும்பி நிற்கும், உள்ளே முடிக்கும் பின்னுக்கும் நடுவே ஸ்பாஞ்ச் இருப்பதால் ஸ்பைரல் பின் பிடிக்க வேண்டிய அடி முடி வரைக்கும் எட்டவே எட்டாது.

நான் போடும் முறை இது. முந்தைய நாள் காலையிலேயே தலைக்குக் குளிப்பாட்டிவிட வேண்டும், எண்ணெய் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிய முடியில் எந்த விலைப் பின்னும் வழுக்கும். போட்டியன்று காலையில் தலைக்குக் குளித்த முடியும் பட்டுப்போல நழுவும், அதனால்தான் முந்தைய நாள். தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஜெல் எடுத்து (செட் வெட், காட்ஸ்பி எது பக்கத்துக் கடையில் இருக்கிறதோ அது போதும்) நெற்றியிலிருந்தும் பிடரியிலிருந்தும் படிய வாரி உயரமான குதிரைவாலாக இறுக்கமான ரப்பர் பேண்டு போட வேண்டும். ரப்பர் பேண்டு ஒன்று அறுந்தாலும் கவலை இல்லாமல் இரண்டு போடுங்கள், கொண்டையின் அஸ்திவாரமே அதுதான். முடி அடர்த்தியாக இருந்தால் வாலை இரண்டாகப் பிரித்துப் பின்னி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் சுற்றித் தட்டையாகப் படுக்க வையுங்கள். அதன் மேல் முடியின் நிறத்திலேயே மெல்லிய கொண்டை வலை, ஒரு சுற்று சுற்றி முறுக்கி மறுபடியும் சுற்ற வேண்டும். அப்புறம்தான் பின்.

ஸ்பைரல் பின்னை ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து, எதிரெதிராகத் திருகுங்கள். முனையில் முதலில் கொஞ்சம் தலை முடியையும் கொண்டையின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மண்டையோடு ஒட்டிப் படுத்தவாறு நடுவை நோக்கி இறங்க வேண்டும். செங்குத்தாக இறக்கினால் மண்டையில் குத்தும், பிடியும் இருக்காது. முழுவதும் இறங்கி மறைந்த பிறகு ஓரத்தில் தேவையான இடத்தில் மட்டும் யு பின். காதோரம் நிற்கும் குட்டி முடிகளுக்கு ஸ்லைடு குத்துவதை விட, பட்டென்று மடங்கி மூடும் டிக் டாக் க்ளிப் நல்லது, அது எளிதில் விழாது. ஸ்லைடுதான் இருக்கிறது என்றால் நெளிந்த பக்கம் மண்டையைப் பார்த்து இருக்கட்டும்.

ஹேர் ஸ்ப்ரே கடைசியில் கொஞ்சம் போதும், பிள்ளையின் கண்ணையும் மூக்கையும் கையால் மூடிவிட்டு. பூஜை விளக்கு எரிகிற அறையிலோ அடுப்புப் பக்கத்திலோ அடிக்கவே அடிக்காதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள். அப்புறம் ஒன்று, ஜெல்லும் ஸ்ப்ரேயும் குட்டி முடியைப் படிய வைக்கத்தான், கொண்டையைத் தாங்க இல்லை. சென்னை வெயிலில், ஏசி இல்லாத உள்ளரங்கத்தில், தன் முறைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைக்கு வியர்வை வழிந்து ஜெல் கரைந்துவிடும், அப்போது நிற்பது பின்னும் வலையும்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மலிவான ஸ்பைரல் பின்களில் முனை ஒழுங்காக உருட்டப்படாமல் வெட்டிய கம்பியாகவே இருக்கிறது, எனக்கு வந்த ஒரு ஜோடியை அதற்காகவே ஒதுக்கி வைத்துவிட்டேன். வந்தவுடன் உங்கள் உள்ளங்கையில் முனையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சுருக்கென்றால் திருப்பி அனுப்புங்கள். கறுப்புப் பூச்சு நாளாக உரிகிறது, உரிந்த இடத்தில் முடி சிக்குகிறது. மெல்லிய முடிக்குப் பெரிய சைஸ் பிடிக்காது, சுருளுக்குள் நிரம்ப முடியே இருக்காது, அவர்களுக்குச் சின்ன சைஸ். அவசரத்தில் கழற்றுகிறவர்களுக்கு இது எமன், இழுத்தால் முடியோடு வரும். உள்ளே திருகியதற்கு எதிர்ப்பக்கமாகப் பொறுமையாகத் திருகி எடுக்க வேண்டும், அது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சில போட்டிகளில் பெற்றோரைக் காலரிக்கு அனுப்பிவிடுவார்கள், உள்ளே கோச்சும் பிள்ளைகளும் மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் சீப்பை எடுக்காதீர்கள், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஜெல்லைக் கரையவிட்டு, கண்டிஷனர் போட்டு, விரலால் சிக்கெடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி கொட்டும், பயிற்சி நாட்களில் சாதாரணப் பின்னல் போதும்.

வலையும் யு பின்னும் ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்கள் மயிலாப்பூர்ப் பக்கம் நாட்டிய சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம், வலை சீக்கிரம் கிழியும் என்பதால் கூடுதலாகவே வாங்கிப் பையில் போடுங்கள். தோள் வரை மட்டும் முடி உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பைரல் பின் தேவையே இல்லை, இரண்டு இறுக்கமான பின்னலும் டிக் டாக் க்ளிப்பும் போதும். மற்றவர்கள் வாங்குங்கள், ஆனால் போட்டியன்று முதல் தடவையாக வைக்காதீர்கள். ஒரு பயிற்சி வகுப்புக்கு முழுக் கொண்டையோடு அனுப்பி, ரோல் அடிக்கும்போது எங்கே குத்துகிறது என்று அவளிடமே கேட்டு, பின்னை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.