பேசும் டிவியோடு ஆறு வருடம்

எனக்கு ஆர்.பி. என்கிற விழித்திரை நோய். கல்லூரியில் படிக்கும்போது மாலைக்கண்ணாகத் தொடங்கியது. முப்பத்தைந்து வயதுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டது. அதனால் டிவியைப் பார்த்தும் இருக்கிறேன், வெறுமனே கேட்டும் வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி வாங்கினோம். பார்வையில்லாத ஒருவர் அதைத் துணையில்லாமல் புழங்க முடியுமா என்று நண்பர்கள் அடிக்கடி போன் செய்து கேட்கிறார்கள். ஆறு வருட அனுபவத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. டிவியை மாட்ட வந்த பையன் போன பிறகு ரிமோட்டைக் கையில் வாங்கினேன். பேக் பட்டனையும் கீழ் அம்புக்குறியையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வரும் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பெண் குரல் டாக்பேக் ஆன் ஆகிவிட்டது என்றது. வலது அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு செயலியின் பெயரும் காதில் விழுந்தது. அப்போது யூகேஜி படித்துக்கொண்டிருந்த என் மகள் அடுக்களைக்கு ஓடி, "அம்மா, டிவி அப்பாகிட்ட பேசுது!" என்று கத்தினாள். பத்து வருடத்துக்குப் பிறகு என் வீட்டு டிவியில் நானாக ஒரு நிகழ்ச்சியைத் தேடி எடுத்தது அன்றைக்குத்தான்.

அமைப்புகள், ஒலி அளவு, வைஃபை, யூடியூப் எல்லாம் இத்தனை வருடமாக நான் மட்டுமே பார்த்துக்கொள்கிறேன். திரை விசைப்பலகையில் கடவுச்சொல் அடிப்பது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, அது வாசிப்பதைக் கேட்டு, அழுத்தி, அடுத்ததற்குப் போக வேண்டும். தேடுவதற்கு ரிமோட்டின் மைக் பட்டனே போதும், தமிழில் சொன்னால் நன்றாகவே புரிந்துகொள்கிறது.

எல்லாச் செயலியும் இப்படி இல்லை. ஒரு தமிழ் ஓடிடிக்கு வருடச் சந்தா கட்டினேன். உள்ளே போனால் ஒவ்வொரு படத்தின் மேலும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே குரல் சொன்னது. திரைவாசிப்பான், செயலி எழுதியவர் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் வைக்கும் பெயரைத்தான் வாசிக்கும். அவர் பெயர் வைக்காமல் விட்டால் வாசிக்க ஒன்றுமில்லை. நிரலில் ஒரு வரி எழுதுகிற வேலை அது. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன், சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லித்தான் பதில் வந்தது.

உண்மையான சிக்கல் கேபிள் பெட்டியில் இருக்கிறது. நம் வீடுகளில் சேனல்கள் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் வருகின்றன. டாக்பேக் என்னை, பெட்டியின் கம்பி டிவியில் செருகியிருக்கும் "எச்.டி.எம்.ஐ. ஒன்று" என்கிற வாசல் வரை கொண்டுவந்து விடும், அதோடு வாய் மூடிவிடும். அந்தக் கம்பி வழியாக டிவிக்கு வருவது வெறும் படமும் ஒலியும்தான். பெட்டியின் மெனுவில் இருக்கும் எழுத்துகள் அதில் எழுத்தாக வருவதில்லை, படத்தோடு படமாக வருகின்றன. பெட்டியே பேசினால்தான் உண்டு. என் பெட்டி பேசாது.

ஆகவே மனப்பாடம்தான். ரிமோட்டில் 5-ஆம் எண்ணின் மேல் ஒரு புள்ளி புடைத்திருக்கும், அதை வைத்து மற்ற எண்களைப் பிடித்துவிடலாம். மெனு, எக்ஸிட், ஆடியோ பட்டன்களுக்கு முதலில் என் மனைவி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொடுத்தாள். இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. பிறகு, பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எம்-சீலைக் கடுகளவு உருட்டி வைத்தோம், இன்றுவரை அசையவில்லை. நாற்பது சேனல் எண்கள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு நாள் காலையில் செய்தி எண்ணை அழுத்தினால் பக்திப் பாடல் ஓடுகிறது. இரவோடு இரவாக எண்களை மாற்றியிருக்கிறார்கள். அறிவிப்பு கொடுத்தோமே என்றார் கேபிள்காரர். எங்கே என்றேன். திரையில் கீழே ஓடியது என்றார்.

திரையில் கீழே ஓடுவது. இந்த ஆறு வருடத்தில் என்னை அதிகம் தவிக்கவிட்டது அதுதான். மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை மாவட்டங்களின் பட்டியல், உதவி எண்கள், "திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்லிவிட்டு எண்ணை மட்டும் வாசிக்காமல் போவது. தேர்தல் முடிவு நாளில் இன்னும் மோசம். நான்கு பேர் உட்கார்ந்து விவாதிப்பார்கள், எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்பது எழுத்தில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். டெல்லியில் ஒரு தலைவர் இந்தியில் பேசினால் கீழே தமிழில் எழுத்து வரும், எனக்கு இந்தி மட்டும் கேட்கும். இதற்கெல்லாம் புதிய கருவி எதுவும் வேண்டாம். வாசிப்பவர் அந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

கிரிக்கெட்டும் இப்படித்தான். டிவி வர்ணனையாளர் "அருமை!" என்று முடித்துவிடுவார். பந்து எங்கே போனது, யார் பிடித்தார், எதுவும் தெரியாது. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழில் வர்ணனை செய்த காலத்தில் பந்து கையை விட்டுப் புறப்படுவதிலிருந்து வேலியைத் தொடுவது வரை காதிலேயே மைதானம் விரியும். வானொலியில் எல்லாருமே பார்க்க முடியாதவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சீரியலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் அம்மா கோபித்துக்கொள்வார். அவருக்கும் இப்போது சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. இரவு எட்டரைக்கு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். கதவு திறக்கிற சத்தம் கேட்கும். உடனே இடி மாதிரி இசை. அரை நிமிடம் ஒருவரும் பேசமாட்டார்கள். "யாருய்யா வந்தது?" என்பார் அம்மா. எனக்கும் தெரியாது. மகளைக் கூப்பிடுவோம். "மூத்த மருமக வந்துருக்கா ஆச்சி, கையில ஒரு பேப்பர் வச்சிருக்கா, எல்லாரும் அதையே பாக்காங்க" என்பாள். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. அந்த அரை நிமிட இசைக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

மகள் செய்வதற்கு உலகில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று பெயர், தமிழில் ஒலி விவரிப்பு என்கிறோம். வசனத்துக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில், கண்ணால் மட்டுமே தெரிகிற விஷயத்தை ஒரு குரல் சொல்லும். அமெரிக்காவில் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் 1990-லேயே பொதுத் தொலைக்காட்சியில் இதைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் சேனல்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் 10 சதவீதத்தை விவரிப்போடு தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. நெட்ஃபிளிக்ஸ் 2015 ஏப்ரலில், பார்வையற்ற வழக்கறிஞரை நாயகனாகக் கொண்ட டேர்டெவில் தொடர் வெளியான சில நாள்களில், அந்தத் தொடரிலிருந்து இதைத் தொடங்கியது.

நான் முதன்முதலில் கேட்டதும் அங்கேதான், ஓர் ஆங்கிலத் துப்பறியும் தொடரில். ஒலி மொழிப் பட்டியலில் 'ஆங்கிலம், ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்று ஒன்று இருந்தது, தேர்ந்தெடுத்தேன். ஒரு பெண் அறையை விட்டுக் கிளம்புகிறாள். வசனம் இல்லை. நான்கு விநாடி இருக்கும். அதற்குள் அந்தக் குரல், அவள் மேசைமேல் கிடந்த கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறாள் என்றது. மூன்று பகுதிகள் கழித்து அந்தக் கடிதம்தான் வழக்கையே புரட்டிப்போட்டது. பார்வையுள்ள என் மைத்துனன் பின்னால் ஓட்டிப் பார்த்தான், எனக்கு அது தேவைப்படவில்லை. அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல விவரிப்பு அடக்கமாக இருக்கும். "அவள் துயரத்தில் உடைந்துபோகிறாள்" என்று சொல்லாது, "புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறாள்" என்று சொல்லும். அழுகிறாளா சிரிப்பை அடக்குகிறாளா என்பதை நானே கண்டுபிடித்துக்கொள்வேன். வசனத்தின் மேல் ஏறிப் பேசினால் அது எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் எரிச்சல்தான்.

தமிழில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் கேபிள் பெட்டியில் வரும் எந்தத் தமிழ்ச் சேனலிலும் இந்த ஆறு வருடத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் சினிமாப் படங்களின் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். டீக்கடையில் முழுப் பட வசனமும் கேசட்டில் ஓடும். அந்தப் படங்களில் வசனமே கதையைச் சொல்லிவிடும். இன்றைக்கு எடுக்கிற படங்கள் காட்சியால் கதை சொல்கின்றன. சினிமாவுக்கு அது நல்லதுதான், ஆனால் எங்களுக்கு ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஒலி விவரிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2019 செப்டம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டிவி நிகழ்ச்சிகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான அணுகல் தரநிலைகளை வெளியிட்டது, அவை செவித்திறன் குறைந்தவர்களுக்கானவை. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. திரையரங்குக்கான வழிகாட்டுதல்கள் 2024 மார்ச்சில் வந்தபோது பார்வைக் குறைபாட்டையும் சேர்த்தார்கள். 2024 நவம்பரில் பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. அந்தக் கட்டாயம் எங்கள் கூடத்து டிவி வரை வர வேண்டும்.

தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் மகள் கார்ட்டூன் பார்க்கும்போது ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்துவாள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த பூனை தமிழில் பேசத் தொடங்கும். ஒரே படத்தோடு பல மொழி ஒலித்தடங்கள் ஏற்கெனவே நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எட்டரை மணி சீரியலுக்கும் அதேபோல் இரண்டாவது தடம் ஒன்றை விவரிப்போடு சேர்த்து அனுப்பலாம். வேண்டாதவர்களுக்குக் கேட்கவே கேட்காது. எல்லா நிகழ்ச்சிக்கும் நாளைக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு சேனல், ஒரு சீரியல், வாரத்துக்கு ஒரு படம் என்று ஆரம்பித்தால்கூட நாங்கள் கொண்டாடுவோம்.

சரி, இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு. கடையிலேயே ரிமோட்டை வாங்கி டாக்பேக்கை ஆன் செய்து பாருங்கள். விற்பனையாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமலிருக்கலாம், பொறுமையாகக் காட்டிக்கொடுங்கள், அடுத்து வருகிற இன்னொருவருக்கு உதவும். வேறு இயங்குதளமுள்ள டிவி என்றால் குரல் வழிகாட்டி எந்தப் பட்டனில் இருக்கிறது என்று கேளுங்கள், பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இருக்கிறது. ரிமோட்டைத் தடவிப் பாருங்கள். பட்டன்கள் ஒரே வழவழப்பாக இருந்தால் எம்-சீலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், சின்னப் பொட்டலம் போதும், கடுகளவுக்கு மேல் வைக்க வேண்டாம்.