கர்ப்பகாலச் சத்து: தட்டிலிருந்தா, மாத்திரையிலிருந்தா?

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் உறுதியானதும் அந்தப் பெண்ணைச் சுற்றி இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. "சத்தெல்லாம் சாப்பாட்டிலேயே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்பது ஒரு கட்சி. "எழுதிக் கொடுத்ததைத் தவறாமல் போட்டுக்கொள், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வதுதான் சிக்கலே. ஒவ்வொரு சத்தாகப் பிரித்து உணவையும் மாத்திரையையும் எதிரெதிரே நிறுத்தினால், சில இடங்களில் மாத்திரை தெளிவாக முந்துகிறது, சில இடங்களில் உணவுக்கு ஈடே இல்லை, சில இடங்களில் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

மாத்திரை மேலுள்ள பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957 முதல் விற்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்தார்கள். 1961 இறுதியில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளர்ச்சிக் குறையோடு பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் இருந்த பிரான்சஸ் கெல்சி, ஆதாரம் போதாது என்று அனுமதி தர மறுத்ததால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுத்தது. அந்த விதி மாத்திரைக்கு மட்டுமல்ல, மூலிகைக்கும் பொருந்தும்.

ஃபோலேட்: இங்கே மாத்திரைதான்

உணவுக் கட்சிக்கு மிகவும் கசப்பான இடம் இது. காரணம், பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலேட்டின் கதையே உணவிலிருந்துதான் தொடங்குகிறது. பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அதில் எந்தச் சத்து வேலை செய்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-இல் நான்கு டன் பாலக்கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

அப்படியென்றால் கீரை சாப்பிட்டால் போதாதா? போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அளவு. உணவில் இருக்கும் ஃபோலேட், அதன் செயற்கை வடிவமாக மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தைவிடக் குறைவாகவே உடலில் சேரும். மாத்திரையின் 400 மைக்ரோகிராமை உணவோடு எடுத்துக்கொண்டால், அது உணவு ஃபோலேட் கணக்கில் கிட்டத்தட்ட 680 மைக்ரோகிராமுக்குச் சமம். ஃபோலேட் நிறைந்த பருப்பு வகைகளிலேயே வேகவைத்த 100 கிராமில் சுமார் 180 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. அந்தச் சின்ன மாத்திரைக்கு ஈடுகட்ட, ஒரு நாள்கூடத் தவறாமல் 380 கிராம் பருப்பு சாப்பிட வேண்டும். அதையும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இந்தச் சத்து தண்ணீரில் கரைந்துபோகும், சூட்டிலும் அழியும்.

இரண்டாவது காரணம் நேரம், இதுதான் முக்கியமானது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்து சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். பலருக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அந்தக் கதவு திரும்பத் திறக்காது. அதனால்தான் கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்து, 12 வாரம் வரை தொடர வேண்டும் என்கிறார்கள்.

ஆதாரமும் வலுவானது. நரம்புக்குழாய்க் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களிடம், ஏழு நாடுகளில் 33 மையங்களில் ஒரு சோதனை நடந்தது. 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததாக 1991-இல் முடிவு வெளியானது. இப்படி முன் அனுபவம் உள்ளவர்களும், வலிப்பு மருந்தோ சர்க்கரை நோயோ இருப்பவர்களும், தங்களுக்கு எந்த அளவு என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் கீரையும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரையோடு சேர்த்து.

இரும்பு: இரண்டும் வேண்டும்

கர்ப்பகாலம் முழுவதற்கும் உடலுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதில் சுமார் 500 தாயின் புதிய ரத்த அணுக்களுக்கு, 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும், மீதி அன்றாட இழப்புக்கு. பெரும்பகுதி பின்பாதியில்தான் தேவைப்படும். கர்ப்பம் தொடங்கும்போது உடலில் இருப்பு நிறைய இருந்தால், உணவு மட்டுமே தாங்கிப் பிடிக்கக்கூடும். ஆனால் மாதாமாதம் ரத்தம் இழக்கும் பெண்களில் அப்படி இருப்பு வைத்திருப்பவர்கள் குறைவு.

கீரையில் இரும்பு இருக்கிறது என்பது உண்மை. அது உடலில் சேருகிறதா என்பதுதான் கேள்வி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை சேரும். தாவர உணவில் உள்ளது பெரும்பாலும் அதைவிடக் குறைவு, கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி போன்றவற்றின் வைட்டமின் சி அதை ஏற்றிவிடும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காபியும் இறக்கிவிடும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே அதே தட்டிலிருந்து அதிக இரும்பு கிடைக்கும். செலவில்லாத இந்த வழியை யாரும் அழுத்திச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பது, மாத்திரையாகத் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. மாத்திரையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மலச்சிக்கல், குமட்டல், வயிற்றெரிச்சல். மலம் கறுப்பாகப் போவது மட்டும் பயப்பட வேண்டாத விஷயம். இந்தத் தொல்லைகளால் மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கியிருக்கும். நிறுத்துவதைவிட மாற்றிக் கேட்பது நல்லது. அளவைக் குறைக்கலாம், வேறு வகை இரும்புக்கு மாறலாம். தினசரி மாத்திரை தாங்க முடியாதவர்களுக்கு, ரத்தசோகை அதிகம் காணப்படாத சூழலில், வாரம் ஒருமுறை 120 மில்லிகிராம் என்ற மாற்று வழியையும் அதே நிறுவனம் சொல்கிறது. கால்சியம் மாத்திரையும் இருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல், சில மணி நேர இடைவெளி விட வேண்டும்.

ஈரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிக்கு ஈரல் கொடுக்கும் அன்பு பல வீடுகளில் உண்டு. அதில் இரும்பும் ஃபோலேட்டும் நிறைய என்பது சரி. ஆனால் ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ அதைவிட நிறைய. கர்ப்பிணிக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம், சமைத்த மாட்டு ஈரல் 100 கிராமில் சுமார் 9,000 இருக்கும். இந்த வகை வைட்டமின் ஏ அளவு மீறினால், குறிப்பாக முதல் மாதங்களில், குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்து கூடும். மீன் ஈரல் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை. இவை இரண்டும் முழுக்க இயற்கையான பொருட்கள்தான் என்பதைக் கவனியுங்கள். கேரட், கீரை, மாம்பழத்தில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு இந்தக் கவலை இல்லை.

கால்சியம்: உணவு முந்துகிறது

தினத் தேவை சுமார் 1,000 மில்லிகிராம். கர்ப்பம் என்பதற்காக இது கூடுவதில்லை, ஏனென்றால் உடலே உணவிலிருந்து உறிஞ்சும் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. 250 மில்லி பாலில் 300 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் என்று தட்டு நிறைந்திருப்பவருக்கு மாத்திரை தேவைப்படாமலே போகலாம். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதன் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதம்தான் உடலில் சேரும்.

பாலே தொடாதவர்கள் விஷயம் வேறு. உணவில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் மக்களிடையே, கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் ஆபத்தைக் குறைக்கத் தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை மாத்திரையாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மீனா, மீன் எண்ணெய் மாத்திரையா?

சாப்பிடுபவர்களுக்கு மீன்தான் என் தேர்வு. ஒமேகா 3 கொழுப்போடு புரதம், அயோடின், வைட்டமின் டி, பி12 எல்லாம் சேர்ந்து வருகிறது. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீனாக. மத்தி, நெத்திலி, சால்மன் நல்லவை. சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

அதற்காக எண்ணெய் மாத்திரையை ஒதுக்கவும் முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, 70 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட அலசலில், ஒமேகா 3 கூடுதலாக எடுத்தவர்களுக்கு 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. சைவர்கள் ஆளிவிதையை நம்பி இருந்துவிட வேண்டாம், அதிலுள்ள கொழுப்பில் மிகச் சிறிய பங்குதான் குழந்தையின் மூளைக்கு வேண்டிய டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 வகையாக மாறும். பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ மாத்திரைகள் இருக்கின்றன.

பி12-இல் விவாதத்துக்கே இடமில்லை. தாவர உணவில் நம்பத்தக்க அளவு கிடையாது. பால், முட்டைகூடத் தொடாதவர் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். அயோடினுக்கு, வீட்டில் அயோடின் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடல்பாசி மாத்திரை வேண்டாம், அதில் அளவு தாறுமாறாக ஏறும்.

புரதப் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிகப் புரதப் பொடிகளை உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதன் உண்மையான கணக்கு இது: முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி எதுவும் தேவையில்லை, அடுத்த மூன்றில் தினமும் சுமார் 340, கடைசி மூன்றில் சுமார் 450. முட்டை, பருப்பு, பால், கொட்டை வகைகள் அதைச் சுலபமாக நிரப்பிவிடும். முட்டை முழுதாக வெந்திருக்கட்டும், பால் காய்ச்சியதாக இருக்கட்டும். பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்று காய்ச்சாத பாலும் வேகாத முளைப்பயறும் எடுப்பது, லிஸ்டீரியா, சால்மோனெல்லா கிருமிகளுக்கு வழிவிடும்.

மசக்கைக்கு இஞ்சியா, மாத்திரையா?

இந்த இடத்தில் இயற்கை வழிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாளொன்றுக்கு 1 கிராம் அளவு இஞ்சிப்பொடியைப் பிரித்து எடுப்பது குமட்டலைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. வாந்தியை நிறுத்துவதில் அதன் பலன் அவ்வளவு உறுதியில்லை. வைட்டமின் பி6-உம் நன்கு ஆராயப்பட்டது, பாதுகாப்பானது. லேசான குமட்டலுக்கு இஞ்சியில் தொடங்கி, போதாவிட்டால் மருத்துவரைக் கேட்டு பி6-க்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இஞ்சிக்குக் கிடைத்த நற்சான்றிதழை மற்ற மூலிகைகளுக்கும் நீட்டிவிடக் கூடாது. அதிமதுரத்தைக் கர்ப்பகாலத்தில் தவிர்க்கும்படி பின்லாந்து அரசு அறிவுறுத்துகிறது. பெயர் தெரியாத கலவைச் சூரணங்களில் என்ன இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்பதில்லை.

தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி, சிறுநீர் அடர்நிறத்தில் குறைவாகப் போவது, எடை சரசரவென்று இறங்குவது என்று ஆகிவிட்டால் இஞ்சிக்கும் பி6-க்கும் இடையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலை அது.