ஃபிளெக்ஸோவா, டிஜிட்டலா? லேபிள் அச்சகத்தின் அடுத்த மெஷின்

மெஷின் விற்க வருபவர் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) மாட்டி அச்சடிக்கும் ஃபிளெக்ஸோ நிமிடத்துக்கு 150 மீட்டர், பிளேட்டே இல்லாமல் யுவி ஒளியில் உலரும் மையைத் தெளிக்கும் டிஜிட்டல் மெஷினான யுவி இன்க்ஜெட் 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் சங்கதி புரியும்.

ஒரே லேபிள், 30,000 மீட்டர். ஃபிளெக்ஸோவில் 200 நிமிடம், இன்க்ஜெட்டில் 10 மணி நேரம். பேச்சே வேண்டாம், ஃபிளெக்ஸோதான். அதே வாடிக்கையாளர் பத்து வாசனையில் ஷாம்பு விடுகிறார், ஒவ்வொன்றுக்கும் 300 மீட்டர் போதும் என்கிறார். இப்போது ஃபிளெக்ஸோவில் ஒவ்வொன்றும் 2 நிமிடம்தான் ஓடும். ஆனால் ஒரு மாற்றத்துக்கு அரை மணி நேரம் என்றாலும், ஒன்பது மாற்றத்துக்கே நாலரை மணி நேரம் போய்விடும். நான்கு நிறமும் மாறினால் 40 பிளேட் வேறு. இன்க்ஜெட்டில் பத்தும் சேர்ந்து ஒரு மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் மெஷின் சும்மா நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். பிளேட்டைக் கழற்றி, மைத் தட்டைக் கழுவி, பிளேட்டுக்கு மை கொடுக்கும் அனிலாக்ஸ் ரோலரைத் துடைத்து மறுபடி ஓட்டினால் சிவப்பு ஒரு நூல் தள்ளி நிற்கும். ரெஜிஸ்டரை, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை, சரிக்கட்டி முடிக்கும்வரை ஸ்டிக்கர் பேப்பர் குப்பைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புதிய சர்வோ (தனித்தனி மோட்டாரில் ஓடும்) மெஷின்களில் இந்த நேரமும் வேஸ்டேஜும் நன்றாகவே குறையும். அதோடு, பத்து வாசனையிலும் மாறுவது கறுப்பில் அச்சாகும் பெயர் மட்டும்தான் என்றால் ஒரே ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். இதைப் பார்க்காமலே ‘சின்ன ஆர்டர் எல்லாம் டிஜிட்டலுக்கு’ என்று முடிவெடுப்பவர்கள் நிறைய.

டிஜிட்டலிலும் இரண்டு வகை. இண்டிகோ போன்ற திரவ டோனர் மெஷினில் மைப்படலம் மெல்லியது. பொடி எழுத்தும் தோல் நிறமும் அழகாக வரும். ஆனால் பல மெட்டீரியலுக்கு மை பிடிக்க முதலில் பிரைமர் பூச வேண்டும். இண்டிகோ முதலில் வந்தது 1993இல். 2002இல் எச்பி வாங்கியது. பல அச்சகங்களில் இருக்கும் 6000 வரிசை, நான்கு நிறத்தில் நிமிடத்துக்கு 30 மீட்டர்தான். கட்டணம் கிளிக் கணக்கில், அதாவது ஒவ்வொரு நிற அச்சுக்கும் இவ்வளவு, என்பதால், வெள்ளை ஒரு முறை கூடினால் பில்லும் கூடும். இன்க்ஜெட்டில் மை தடிமனாக உட்காரும், வெள்ளை நன்றாக மூடும், வெயிலுக்கும் தாங்கும். அப்புறம் அதன் தலைவலி: மை தெளிக்கும் துளையான நாசில் ஒன்று அடைத்தாலும் ரோல் முழுக்க மயிரிழைபோல ஒரு கோடு. வெளிர் நிறத்தில் கண்ணில் படாது. அடர் நீலத்தில் பளிச்சென்று தெரியும்.

உணவு லேபிள் செய்பவர்கள் யுவி மையின் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில், அட்டைப்பெட்டியின் யுவி அச்சு மையிலிருந்த ஐடிஎக்ஸ் என்ற ரசாயனம் கலந்து பெரிய சிக்கலானது.

இன்னொரு வழி ஹைப்ரிட், அதாவது ஃபிளெக்ஸோ யூனிட்டுகளுக்கு நடுவில் இன்க்ஜெட். ஃபாயில், வார்னிஷ், லேபிளை வடிவத்தில் வெட்டும் டை கட்டிங் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் இன்க்ஜெட் தலை நின்றால் மொத்த லைனும் நிற்கும். எல்லா ஜாபுக்கும் இத்தனை வேலையும் தேவைப்படும் அச்சகத்துக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான அச்சகங்கள் ஃபிளெக்ஸோவை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு டிஜிட்டல் போடுவதுதான் சரி. ஆனால் ஒரு மணி நேரத்தில் அச்சான பத்து ரோலும் டை கட்டிங்குக்கு மூன்று நாள் காத்திருந்தால் என்ன லாபம்? கட்டிங், ரோலை நீளவாக்கில் பிரிக்கும் ஸ்லிட்டிங் ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் காட்டும் பூ, பழப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கடந்த ஆண்டின் ஜாப் கார்டுகளைப் புரட்டி, புகாரோடு அதிகம் திரும்பி வந்த ஜாப் ஒன்றை எடுத்துப் போங்கள். உங்கள் ஸ்டாக் ரோலிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதன்மேல் டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்து, மை உரிகிறதா என்று பாருங்கள்.